சந்திக்க வேண்டியிருப்பதால்

பதினெட்டாம் கேள்வி ஒன்றுதான் மிச்சம், எழுதிவிட வேண்டியதுதான், யோசிக்க இதில் ஒன்றுமே இல்லை, யோசிக்காமல் எழுதுவதற்காகத்தானே நாற்பது நாள் பாடுபட்டாய் வடிவு, பேனாவைத் திற. மணி மூன்றே முக்கால். ஐந்துக்கு மணியடித்துத் தாளைப் பிடுங்கிக்கொள்வார்கள். தலைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றுகிறது, காற்று என்மேல் படவில்லை, மூன்று இறக்கை இருந்தும் காற்றைக் கீழே தள்ளத் தெரியாத விசிறி, அதுவும் இந்தக் கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும். விடைத்தாள் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு முன்னால் நாற்பது தலை, நாற்பதும் முதலாமாண்டு, நான் மூன்றாமாண்டு, நாற்பத்தோராவது தலை, கடைசி பெஞ்ச், அரியர். முதலாமாண்டில் எழுதி விழுந்த தாளை இரண்டாமாண்டில் எழுதி விழுந்து இப்போது மூன்றாவது தடவை எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே வரும்போது அந்தப் பிள்ளைகள் வழி விலகி நின்று 'அக்கா போங்க' என்ற விதம் இருக்கிறதே, கர்ப்பிணிக்கு பஸ்ஸில் இடம் விடுகிற மாதிரி. கேள்வி இதுதான்: பெர்னோலி தேற்றத்தைக் கூறுக, அதைக் கொண்டு விமான இறக்கை மேலெழுவதை விளக்குக, பத்து மதிப்பெண். காற்றோ தண்ணீரோ வேகமாக ஓடுகிற இடத்தில் அதன் அழுத்தம் குறையும், அவ்வளவுதான் தேற்றம், அதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை. இறக்கைக்கு மேலே காற்று வேகமாகப் போகிறது, அதிலும் சண்டை இல்லை. ஏன் வேகமாகப் போகிறது? அங்கேதான் சண்டை. அங்கேதான் மூன்று வருடம். பச்சை அட்டை போட்ட கைடு சொல்கிறது, இறக்கையின் முன்முனையில் காற்று இரண்டாகப் பிரிகிறதாம், ஒரு பாதி மேலே வளைந்து நீண்ட வழியில் போகிறதாம், மறுபாதி கீழே குறுக்கு வழியில் போகிறதாம், இரண்டும் பின்முனையில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டியிருப்பதால் மேலே போகிற காற்று வேகமாக ஓடுகிறதாம். சந்திக்க வேண்டியிருப்பதால். காற்றுக்கு வாட்ச் கட்டி விட்டது யார்? பிரிந்த காற்றுகள் திரும்பச் சந்தித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? ஒரே பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு பேர் இரண்டு வழியில் கிளம்பினால் இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் வந்து இறங்கியே ஆக வேண்டுமா? இதைத்தான் கேட்டேன். வகுப்பில் எழுந்து நின்று இதைத்தான் கேட்டேன். 'ஏன் மேடம் சந்திக்கணும்?' வகுப்பு சிரித்தது, பின்னாலிருந்து ஒருத்தி, 'பாவம், லவ் பண்ணுதுக மேடம்' என்றாள், உலகம்மாள் மேடமும் சிரித்துவிட்டார்கள், சிரித்துக்கொண்டே, 'சந்திக்காம எங்கம்மா போகும், உங்க வீட்டுக்கா வரும், உக்காரு' என்றார்கள்.

வந்தது. எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு டேபிள் ஃபேனுக்கு முன்னால் அட்டைப்பெட்டி வைத்து, பெட்டிக்குள் இளநீர்க் கடையில் கேட்டு வாங்கிய இருநூறு ஸ்ட்ராவை நீளவாக்கில் அடுக்கி, காற்று சுழலாமல் நேராக வர அது ஒரு வழி, நானே யோசித்துக் கண்டுபிடித்தது, இந்த வாழ்க்கையில் நானே கண்டுபிடித்த ஒரே பொருள் அந்த ஸ்ட்ரா பெட்டிதான். கல்யாணப் பத்திரிகை அட்டையை வளைத்து ஒட்டி இறக்கை. முன்னால் ஊதுபத்தி. புகை நூல் மாதிரி வந்தது, இறக்கையில் முட்டி இரண்டாகப் பிரிந்தது, நான் ஒரு ஸ்கேலை வைத்து ஊதுபத்தி முன்னால் டக்கென்று வெட்டினேன், புகை துண்டுபட்டது, ஒரே நேரத்தில் வெட்டுப்பட்ட இரண்டு துண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே. பார்த்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன். மேலே போன துண்டு காத்திருக்கவில்லை. கீழே வருகிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது முந்திப் போய்விட்டது, பின்முனையைத் தாண்டி, கீழ்நோக்கிச் சரிந்து, சமையல்கட்டுக் கதவு வரைக்கும் போய்விட்டது, கீழ்ப்புகை அப்புறம் தான்பாட்டுக்கு மெதுவாக வந்தது. திரும்பச் செய்தேன். திரும்ப அதே. இருபது தடவை. கைடு பொய், மேடம் பொய், பொய்கூட இல்லை, யாருமே பார்க்கவில்லை, அவ்வளவுதான், இத்தனை வருடம் இத்தனை பேர் எழுதி எழுதி மார்க் வாங்கிய ஒரு வரியை ஒருத்தரும் ஒரு தடவைகூட ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கவில்லை. அம்மா கதவைத் திறந்து, 'என்னளா இது, வீடா மயானமா, ஒரு பாக்கெட் பத்தியும் காலி, வெள்ளிக்கிழமை சாமிக்கு உன் தலையவா கொளுத்த?' என்றாள். நான், 'யம்மா, சந்திக்கல, சந்திக்கவே இல்ல' என்றேன். அம்மா, 'யாரு?' என்றாள். ரொம்பக் கவலையாகக் கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏன் முந்துகிறது என்பதும் விளங்கிவிட்டது, சந்திப்பதற்காக இல்லையென்றால் வேறு எதற்காக என்பது, புத்தகத்தில் தேடாமல், தரையில் உட்கார்ந்து, புகையைப் பார்த்துப் பார்த்தே, கையால் தொட்ட மாதிரி. அது என்னவென்றால், சரி, அது இருக்கட்டும், அது எனக்குத் தெரியும், எங்கே போய்விடப் போகிறது, இப்போது எழுத வேண்டியது அது இல்லை.

'என்னம்மா சும்மா உக்காந்திருக்க? கேள்வி வரலையா?' மேற்பார்வைக்கு வந்திருக்கிற வணிகவியல் சார் பக்கத்தில் நிற்கிறார், கையில் கூடுதல் தாள்களைக் கட்டுகிற வெள்ளை நூல். 'வந்திருக்கு சார்.' 'அப்ப எழுது.' எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். வந்திருக்கிறது, எழுது. ஆமாம் சார், வந்திருக்கிறது, மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறது, நான்தான் போக மாட்டேனென்கிறேன். முதல் தடவை என்ன எழுதினேன்? புகையை எழுதினேன். ஸ்ட்ரா பெட்டியை வரைந்தேன், பாகங்களைக் குறித்தேன், எப்படி வெட்டினேன், எது முந்தியது, ஏன் முந்தியது, நான்கு பக்கம், என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக எழுதிய நான்கு பக்கம் அவைதான். மொத்தம் எழுபத்தைந்துக்கு இருபத்தேழு. முப்பது எடுத்தால் தேர்ச்சி. விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்து, அது வந்த அன்றைக்கு பஸ்ஸிலேயே பிரித்துப் பார்த்தேன். தேற்றத்துக்கு இரண்டு மதிப்பெண். ஸ்ட்ரா பெட்டியின் மேல் சிவப்புக் கோடு, மூலைக்கு மூலை, நான்கு பக்கத்துக்கும் நான்கு கோடு, அவ்வளவுதான், எங்கே தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது, திட்டக்கூட இல்லை, திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேனே. யாரோ ஒருவர், நாளைக்கு இத்தனை தாள் என்று கணக்கு வைத்துத் திருத்துகிறவர், என் புகையை மூன்று வினாடி பார்த்திருப்பார். அவரோடுதான் அப்புறம் ஒரு வருடம் மனசுக்குள் பேசினேன். திருத்துகிறவரே, நீங்கள் விமானத்தைப் பார்த்திருக்கிறீர்களா, விமானச் சாகசத்தில் அது மல்லாந்து பறக்கிறதே, அப்போது வளைவு கீழே வந்துவிட்டதே, அது ஏன் விழவில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மடித்து விடுகிற காகித விமானத்துக்கு வளைவே இல்லையே, அது ஏன் பறக்கிறது, சொல்லுங்கள், உங்கள் கையிலிருக்கிற விடைக்குறிப்பில் அதற்கு எத்தனை மதிப்பெண்? உலகம்மாள் மேடத்திடம் நகலைக் கொண்டுபோய்க் காட்டினேன். முழுதாகப் படித்தார்கள், அதைச் சொல்ல வேண்டும், படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, 'நீ எழுதினது சரிதான்னு தோணுதும்மா' என்றார்கள். ஐயோ, அந்த ஒரு நிமிஷம். அப்புறம், 'சரியா எழுதணும்னு எவன் சொன்னான், ஆன்சர் கீயில உள்ளத எழுது' என்றார்கள். மேடம் கெட்டவர்கள் இல்லை. அதுதான் பிரச்சினையே. கெட்டவர்களாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. இரண்டாவது தடவை நான் கெட்டிக்காரத்தனம் பண்ணினேன், கைடில் உள்ளதை அப்படியே எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, 'ஆனால் இது தவறு, ஏனெனில்' என்று ஆரம்பித்தேன். அதற்கு ஓரத்தில் எழுதியிருந்தது: 'வினாவுக்கு மட்டும் விடையளிக்கவும்.' மேலே எழுதிய கைடு பதிலையும் சேர்த்து அடித்திருந்தார்கள். இருபத்தெட்டு. ஒரு மார்க் ஏறியிருக்கிறேன், இந்த வேகத்தில் போனால் இன்னும் இரண்டு வருடத்தில் தேறிவிடலாம்.

இரண்டு வருடம் இல்லை என்பதுதான் விஷயம். ஜூனில் சேர, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுதிக் கிடைத்தது, அரியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அங்கே காற்றுச்சுரங்கம் இருக்கிறது. போன வருடம் பார்வையாளர் நாளில் வரிசையில் நின்று பார்த்தேன், கண்ணாடிச் சுவர் வைத்த நீளப் பெட்டி, உள்ளே நிஜ இறக்கை, நிஜப் புகை, அறுபது எழுபது நூலாகப் புகை வந்து இறக்கையைத் தடவிக்கொண்டு போனது, என் ஸ்ட்ரா பெட்டிக்குப் பெரியப்பா. நான் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றேன், பின்னாலிருந்தவர்கள், 'நகரும்மா' என்றார்கள். அங்கே நிற்க வேண்டும் என்றால் இங்கே இதை எழுத வேண்டும். புகை சந்திக்காத அறைக்குள் போவதற்கு நுழைவுச்சீட்டு, புகை சந்திக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது. இதைவிட அழகாக ஒருவன் ஏற்பாடு செய்திருக்க முடியாது. எழுதாமல் விட்டால்? மற்றதெல்லாம் கூட்டிப் பார்த்தாகிவிட்டது, இரண்டு மார்க் கேள்வியில் ஆறு தேறும், ஐந்து மார்க்கில் ஒன்று, பத்தில் ஒன்று ஒழுங்காக, மனப்பாடம் எனக்கு எப்போதுமே ஒட்டாது, நாற்பது நாளில் ஒட்டியது பாதிதான், அந்தப் பாதியில் அழுத்தமாக ஒட்டியது இந்தப் பதில்தான், இதை விட்டால் மறுபடியும் இருபத்தேழு. சரி, மானமாக விழலாம் என்றால், விழுந்து யாருக்கு நிரூபிக்க? அந்தச் சிவப்புப் பேனாவுக்கா? அதற்கு நான் விழுந்ததுகூடத் தெரியாது.

பிரேமசெல்விதான் சொல்லிக் கொடுத்தாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் மூன்று வருடம் வருகிறோம், அவள் துறையில் முதல், நான் துறையில் பிரச்சினை. அவளை நான் எவ்வளவு கேலி பண்ணியிருக்கிறேன், கிளி, டேப் ரிக்கார்டர், ஜெராக்ஸ் மிஷின். அவள் கோபப்படவே மாட்டாள். ஒரே ஒரு நாள்தான் சொன்னாள், பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாக: 'ஏட்டி, நீ புரிஞ்சு புரிஞ்சு மூணு வருசமா ஒரே பேப்பர எழுதுத. நான் ஒரு மண்ணும் புரியாம அன்னைக்கே முடிச்சிட்டேன். யாருட்டி புத்திசாலி?' பிப்ரவரி கடைசியில் நானே போய் அவளிடம், 'எனக்கும் சொல்லிக் கொடு' என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, என் கையிலிருந்து கைடை வாங்கி, 'மொதல்ல யோசிக்காத. யோசிச்சா விட்டுரும். சோறு மெல்லுத மாதிரி, என்ன குழம்புன்னு பாக்கக் கூடாது' என்றாள். வகுப்பு முடிந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போவோம், தகரக் கூரை, ஒன்பது தூண். தூணுக்கு ஒரு துண்டு. முதல் தூணில் மேல்புறக் காற்று. இரண்டாவது, நீண்ட பாதை. மூன்று, கீழ்ப்புறக் காற்று. நான்கு, குறுகிய பாதை. ஐந்து, இவ்விரண்டும். ஆறு, பின்முனையில். ஏழு, ஒரே நேரத்தில். எட்டு, சந்திக்க. ஒன்பது, வேண்டியிருப்பதால். தூணைக் கையால் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும், திரும்பி வரும்போது, மேல்புறக் காற்று வேகமாகச் செல்கிறது. அதற்கு அவள் ஒரு ராகம் வைத்திருந்தாள், கோயிலில் போற்றி சொல்கிற மாதிரி, ஏழில் ஏறி எட்டில் நின்று ஒன்பதில் இறங்கும். முதல் வாரம் எட்டாவது தூணில் எனக்குக் கால் நின்றுவிடும். சந்திக்க, என்பேன், நாக்கு நகராது, ஏன் சந்திக்க என்று உள்ளேயிருந்து ஒருத்தி எழுந்து நிற்பாள். பிரேமசெல்வி முதுகில் ஒரு அடி வைப்பாள், 'நட'. இரண்டாவது வாரம் உள்ளே இருக்கிறவள் எழுந்தாள், உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் அவள் எழுந்தாளா என்று நான் கவனிக்கவில்லை. நான்காவது வாரம் பல் துலக்கும்போது ராகம் தானாக வந்தது, சந்தோஷமாக இருந்தது, இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, சண்டையே இல்லாமல் ஒரு வாக்கியம் உடம்புக்குள் ஓடுவது. அம்மாகூட, 'இப்பத்தான் படிக்கிற பிள்ள மாதிரி இருக்க' என்றாள். அந்த வாரம்தான் ஸ்ட்ரா பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, ஸ்ட்ராவையெல்லாம் கொட்டிவிட்டு, பெட்டியில் கைடுகளை அடுக்கி வைத்தேன். சரியான அளவாக இருந்தது.

சரி, இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற கதை, நான் எழுதாமல் உட்கார்ந்திருப்பதற்கு இது காரணமில்லை. காரணம் மூன்றாவது பெஞ்சில் இடதுபக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஜெபக்கனி. முதலாமாண்டு, நான் ஏறுகிற பஸ்ஸில் ஏரலிலிருந்தே வருகிறவள், எனக்குப் பெயரும் பச்சை ரிப்பனும் தவிர ஒன்றும் தெரியாது. மத்தியானம் ஒன்றரைக்கு, எல்லாரும் வராந்தாவில் உட்கார்ந்து கடைசி நேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறபோது, அவள் கைடைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். 'யக்கா, விமானம் வருமா?' 'வரும். மூணு வருசமா வருது.' போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, 'யக்கா, இது ஏங்க்கா சந்திக்கணும்? மேல போறது பாட்டுக்குப் போகக் கூடாதா?' என்றாள். கேட்டுவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல், கொளுத்துகிற வெயிலில், பரீட்சைக்கு அரை மணி நேரம் இருக்கையில் கேட்டுவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பயம்தான் வந்தது, அவள் கேட்டதைக் கேட்டால் எட்டாவது தூணில் எனக்குக் கால் நின்றுவிடுமே என்கிற பயம், நாற்பது நாள் போய்விடுமே. என்ன சொன்னேன் தெரியுமா? 'யோசிக்காத. யோசிச்சா விட்டுரும். அப்படியே எழுது' என்றேன். அவள் முகம் சின்னதாகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, 'வெளிய வந்ததும் சொல்லுதேன், என்ன, முழுசா சொல்லுதேன், நான் செஞ்சே பாத்திருக்கேன்' என்றேன். 'நெசமாவா?' என்றாள். அந்த நெசமாவா. ஆக ஒரு ஒப்பந்தம்: உள்ளே பொய், வெளியே நிஜம். அவளுக்கும் எனக்கும். இது மோசமான ஒப்பந்தம் இல்லை, யோசித்துப் பார்த்தால் இதுதான் புத்திசாலித்தனம், தாளுக்கு அவர்கள் கேட்பதைக் கொடுத்துவிட்டு, தலைக்குள் நம்முடையதை வைத்துக்கொள்வது, எத்தனை பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். இதோ, இப்போது அவள் பேனாவை நிறுத்தியிருக்கிறாள். விசிறியைப் பார்க்கிறாள். பதினெட்டில் நிற்கிறாள், எனக்குத் தெரியும், அந்தக் கழுத்தைப் பார்த்தாலே தெரியும், என் கழுத்து. பார்க்காதே கனி. எழுது. நானும் எழுதுகிறேன். மணி நாலே கால்.

தலைப்பைக் கறுப்பு மையில் எழுதி அடியில் இரண்டு கோடு. தேற்றம், கட்டம் கட்டி. படம், பென்சிலில், இறக்கை, அம்புக்குறி மேலே மூன்று கீழே மூன்று. விளக்கம். மேல்புறக் காற்று, கை தானாகப் போகிறது, பெஞ்சுக்கு அடியில் கால் நடக்கிறது, தூண், நீண்ட பாதை, தூண், கீழ்ப்புறக் காற்று, கையெழுத்து எவ்வளவு அழகாக வருகிறது, எனக்கு இவ்வளவு அழகான கையெழுத்தா, குறுகிய பாதை, இவ்விரண்டும், சண்டை போட்டு எழுதும்போது எழுத்து முட்டிக்கொண்டு நிற்கும், இது தண்ணீர் மாதிரி ஓடுகிறது, பின்முனையில், ஒரே நேரத்தில், இதோ வருகிறது எட்டு, நிற்கும், நிற்கட்டும், நின்றால் ஒரு மரியாதைக்காவது இருக்கும், சந்திக்க வேண்டியிருப்பதால். நிற்கவில்லை. தாண்டிவிட்டேன். எட்டாவது தூண் எப்போது வந்தது, எப்போது போனது? எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். 'அடிஷனல் ஷீட் நம்பர் போட்டாச்சா, நூல் கட்டியாச்சா' என்று சார் வருகிறார், என் தாளைப் பார்த்து, 'ஆங், இப்ப வந்துட்டுல்ல' என்கிறார். வந்துவிட்டது சார்.

இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது. கனிக்குச் சொல்ல வேண்டியதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம், சின்னப் பிள்ளை, அவளுக்குப் புரிகிற மாதிரி முதலிலிருந்து. முதலில் ஸ்ட்ரா பெட்டி. பெட்டி தெரிகிறது. ஃபேன் தெரிகிறது. அம்மா தெரிகிறாள், சாமிக்கு உன் தலையவா கொளுத்த, அது நன்றாகக் கேட்கிறது. புகை வருகிறது. ஸ்கேல். வெட்டு. இரண்டு துண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே போகிற துண்டு, நீண்ட பாதை, இல்லை, அது இல்லை, மறுபடி வெட்டு. புகை. இரண்டு துண்டு. மேலே போவது முந்த வேண்டும். முந்து. ஏன் முந்துகிறது? அது எனக்குத் தெரியும், அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து, காற்று வளைவை விடாமல் பிடித்துக்கொண்டு கீழே திரும்புகிறது, திரும்புவதால், திரும்புவதால் என்ன? இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது, அது சரி, வேகம்? அழுத்தம் குறைவதால் வேகமா, வேகத்தால் அழுத்தம் குறைகிறதா, எது முதலில்? அன்றைக்கு ஒரு முடிச்சு இருந்தது, அதை அவிழ்த்ததும் எல்லாம் ஒரே இழுப்பில் வந்தது, எந்த முடிச்சு? நகலில் இருக்கும், நான்கு பக்கமும் நான் எழுதியதுதானே, வீட்டில் தேடலாம், தேடி, அதையும் மனப்பாடம் பண்ணலாம். சிரிப்பு வருகிறது. சந்திக்காது என்று தெரியும். ஆனால் இப்போது அது எனக்கு ஒரு வாக்கியம். சந்திக்கும் என்பதும் ஒரு வாக்கியம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், வித்தியாசம் ஒன்றுதான், இரண்டாவதற்கு ராகம் இருக்கிறது. கண்ணை மூடு. கடைசித் தடவை. ஊதுபத்தி. புகை. வெட்டு. மேல் துண்டு கிளம்புகிறது, அழகாக வளைகிறது, பின்முனைக்கு வருகிறது. நிற்கிறது. போ. நிற்கிறது. திரும்பிக் கீழே பார்க்கிறது. கீழ்த்துண்டு வருகிறது, அவசரமில்லாமல் வருகிறது, வந்து சேர்கிறது, இரண்டும் ஒன்றாகிக் கதவைப் பார்க்கப் போகின்றன. இந்தக் கண்ணால் பார்க்கிறேன். மணி அடிக்கிறது. நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறார்கள், சார் என் விரலுக்கடியிலிருந்து தாளை உருவுகிறார், 'விடும்மா, எழுதியாச்சுல்ல'.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. படிக்குக் கீழே பச்சை ரிப்பன் நிற்கிறது, காத்துக்கொண்டு நிற்கிறது, எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், அவள் மட்டும் ஓடவில்லை, என்னைப் பார்த்ததும் இரண்டு படி ஏறி வருகிறாள். 'யக்கா, நீங்க சொன்ன மாதிரி அப்படியே எழுதிட்டேன். இப்ப சொல்லுங்க. ஏன் சந்திக்கணும்?' அவள் கண் என் வாயிலேயே இருக்கிறது. சொல்லிவிடு வடிவு, மறந்துபோயிற்று என்று சொல்லு, அதுவாவது நிஜம், அதைச் சொன்னாலும் அவள் வீட்டுக்குப் போய் ஒரு ஊதுபத்தி கொளுத்துவாள். வாயைத் திறக்கிறேன். 'அது வந்து கனி, மேல்புறக் காற்று நீண்ட பாதை, கீழ்ப்புறக் காற்று குறுகிய பாதை, இவ்விரண்டும் பின்முனையில்' என்று ஏழில் ஏறி எட்டில் நிற்காமல் ஒன்பதில் இறங்கி முடிக்கிறேன். என் கை பக்கத்திலிருந்த தூணைத் தட்டுகிறது. அவள் இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தாள்.

'அதாங்க்கா கைடுலயும் இருக்கு' என்றாள். பிறகு, 'செரிக்கா, அப்ப அது கரெக்ட்தான்' என்றுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.